வானொலியிற் பேசுவோர் தம் பேச்சைத் தாமே நம்புகின்றனரா?

சென்ற ஆண்டு எமது கல்லூரித் தமிழ் மன்றத்தார் நிகழ்த்திய சொற்போருக்குக் குறித்த பொருள், "விளைநிலத்தில் சுரங்கம் விரிவடைதல் தகுமா, தகாதா?" என்பது. எவர் எப்பக்கம் பேசுவது என்பதைச் சீட்டெடுத்துத் தீர்மானித்தல் மன்றத்தின் வழக்கம். யாம் நெய்வேலி நகரியத்திற் பிறந்து வளர்ந்தோம். எம் தந்தையார் சுரங்கத்திற் பணிபுரிகின்றார். எம் வீட்டில் உலையேறும் அரிசியும், எமக்காகக் கல்லூரியிற் கட்டும் சம்பளமும் பழுப்பு நிலக்கரியினின்றே வருவன. எம் கைக்கு வந்த சீட்டிலோ "தகாது" என்று எழுதியிருந்தது.

மூன்று இரவு கண் விழித்து ஆயத்தஞ் செய்தோம். மேடையேறியபொழுது ஒரு பிடி நெற்கதிரைக் கையில் ஏந்திக் காட்டிப் பேசினோம். (அக்கதிர் தாவரவியற் சோதனைச்சாலையினின்று இரவல் வாங்கியது என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்வதிற் குற்றமில்லை.) கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை; முதற் பரிசும் எமக்கே கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் விடுதி நண்பரொருவர் வந்து எம் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். சில ஆண்டுகட்கு முன் ஒரு பெருந்தொழிலின் பொருட்டுத் தம் நிலத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பத்தினர் அவர். கண் கலங்க நின்றவர், "நீ பேசியதெல்லாம் நீ மெய்யாகவே நம்புவதுதானே?" என்று வினவினார். குறை காணும் எண்ணத்தோடு அவர் கேட்டிலர். ஆம் என்னும் விடையை எதிர்நோக்கியே கேட்டார். யாம், "சீட்டு அப்படி விழுந்தது," என்றோம். அவர் எம் கைகளை மெல்ல விட்டுவிட்டார்.

அன்றுமுதல் இவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. தேடிப் படிக்கப் புகுந்தபொழுது, அயல்நாடுகளில் இதே வினாவை மிகப் பலர், எம்மினும் மிகப் பெரிய பேச்சாளரை நோக்கி எழுப்பியிருத்தலைக் கண்டோம். அவர்கள்தாம் வானொலியில் நாள்தோறும் அரசியல் பேசுவதையே தொழிலாகக் கொண்டோர்.

நம் நாட்டு வானொலி நேயர்க்கு இத்தொழில் புதுமையாகத் தோன்றலாம். சென்னை நிலையம் 1938-லும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-லும் தொடங்கின. அவை அரசாங்கத்தின் நிலையங்களாதலின் கட்சி வழக்குக்கு அங்கே இடமில்லை. பிற்காலத்துத் தோன்றிய தனியார் பண்பலை நிலையங்களோ தாமாகச் செய்தி வெளியிடவும் நடப்பு அரசியலை ஆராயவும் அரசாங்கம் இசைவு தரவில்லை. 2011-இல் வகுத்த விதியும் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பும் அளவிற்கே இடங்கொடுத்தது. ஆகவே தமிழ்நாட்டுப் பண்பலைப் பேச்சாளர் திரைப்படத்தைப் பற்றியும் காதலைப் பற்றியும் காலை உணவைப் பற்றியும் சலியாது பேசுகின்றனர். ஆட்சியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் நிலை வேறு. அங்கே 1949-இல் ஒரு விதி ஏற்பட்டது. பொதுமக்களுக்கு இன்றியமையாத ஒரு பொருளைப் பற்றி ஒலிபரப்பும் நிலையம், அதன்கண் மாறுபட்ட கொள்கைகட்கும் இடந்தரல் வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். 1987-இல் அதனை நீக்கிவிட்டனர். அடுத்த ஆண்டிலேயே ரஷ் லிம்பா என்பார் நாடு முழுதும் கேட்கும் வண்ணம் தம் நிகழ்ச்சியைத் தொடங்கினார். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், ஒரே கட்சியின் குரலாக, 2021-இல் இறக்குமளவும் அவர் பேசிவந்தார். அதற்குமுன் வேறொரு பெயர் பூண்டு இசைத்தட்டு ஒலிபரப்பி வந்தவர் அவர். பெருந்திரளான நேயரைச் சேர்ப்பதும், அதனால் விளம்பரக் கட்டணத்தை உயர்த்துவதுமே தம் தொழிலின் நோக்கம் என்று அவர் ஒளிவின்றிச் சொல்வதுண்டு. 2008-இல் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 40 கோடி டாலர் பெறுமானமுடையது. இத்துணைப் பொருள் வரும் வாயிலில் நின்று பேசுகிறவர் நெஞ்சறியப் பேசுகிறாரா, நேயர் விரும்புவதைப் பேசுகிறாரா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

2006-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் ஆதரித்த கட்சி தோற்றது. மறுநாளே அவர் வானொலியில், தமக்கு விடுதலை கிடைத்தாற்போல் இருக்கிறதென்றும், தகுதியற்றவர் சிலர்க்காகச் சுமை சுமக்க வேண்டிய நிலை இனி இல்லையென்றும் கூறினார். பகைவர் இதனைப் பிடித்துக்கொண்டு, "இதுகாறும் நம்பாததைப் பேசினீர்!" என்றனர். எமக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. அவர் தம் கொள்கையை நம்பாதவரல்லர். அக்கொள்கையின் பெயரால் ஆண்டவர் அதற்குத் தக்கவரல்லர் என்பதை அறிந்தும் வாய் திறவாதிருந்தவர். நம்பிக்கைக்கும் நம்பாமைக்கும் நடுவே இப்படியும் ஓர் இடம் உண்டு. கட்சிக்காகப் பேசும் எவரும் ஒருகால் அங்கே வந்து தங்குவர் போலும்.

இதனினும் வெளிப்படையான வழக்கு அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவருடையது. கனெக்டிகட் மாகாணத்துச் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பர் 14-ஆம் நாள் ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்து 20 குழந்தைகளையும் பெரியோர் அறுவரையும் சுட்டுக் கொன்றான். ஜோன்ஸ் தம் நிகழ்ச்சியில், அது நடந்ததேயில்லை, நடிகரைக் கொண்டு ஆடிய நாடகம் என்று பரப்பினார். அதனை நம்பியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைத் தேடிச்சென்று தொல்லைப்படுத்தினர். 2017-இல் தம் பிள்ளைகளை வளர்க்கும் உரிமை குறித்து ஜோன்ஸ் தம் முன்னாள் மனைவியோடு வழக்காடியபொழுது, அவருடைய நியாயவாதியே எழுந்து, ஒலிபரப்பிற் காணும் ஜோன்ஸ் ஒரு வேடம், நாடகத்தில் நடிகன் பூணும் வேடத்தை வைத்து அவன் இல்வாழ்க்கையை அளத்தல் முறையன்று என்று வாதித்தார். ஜோன்ஸோ தாம் சொல்வனவற்றை நம்பியே சொல்வதாகக் கூறினார். தந்தைமையைக் காக்க வேடம் என்கிறார் நியாயவாதி. நேயரைக் காக்க மெய் என்கிறார் கட்சிக்காரர். 2022-இல் மற்றொரு வழக்கில், சாண்டி ஹூக் கொலை முழுவதும் உண்மையே என்று அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு அக்டோபரில் கனெக்டிகட் நீதிமன்றத்து நடுவர் குழு 96 கோடியே 50 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தது.

அமெரிக்கச் சட்டம் இவ்வினாவை வெறும் ஆர்வத்தாற் கேட்பதன்று. 1964-இல் அந்நாட்டு உயர்தனி நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, பொதுவாழ்விலுள்ளார் ஒருவர் அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமாயின், சொன்னவர் அது பொய்யென அறிந்தேனும், மெய்யா பொய்யாவெனச் சற்றும் பொருட்படுத்தாதேனும் சொன்னார் என்று காட்டல் வேண்டும். ஆதலின் நெஞ்சைத் திறந்து பார்க்கும் வேலை நீதிமன்றத்தின் தலைமேல் விழுகிறது. 2020-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குப்பொறிகள் மோசஞ் செய்தன என்னும் பேச்சுக்கு இடங்கொடுத்த பாக்ஸ் தொலைக்காட்சியின்மீது, அப்பொறிகளைச் செய்த டொமினியன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனத்துப் பேச்சாளர் தமக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகள் 2023-இல் வெளிவந்தன. திரையிற் பரவிய அக்கூற்றை அவர்களிற் சிலர் தனிமையில் எள்ளி நகையாடியிருந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் 78 கோடியே 75 இலட்சம் டாலர் கொடுத்து அந்நிலையத்தார் வழக்கை முடித்துக்கொண்டனர். நெஞ்சு வேறு, நா வேறு என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அரிது. இங்கும் அது கிடைத்தது, பிறர் படிக்கமாட்டார் என்று எண்ணி அவர்கள் எழுதிய கடிதங்களாலன்றிப் பேச்சை ஆராய்ந்ததனாலன்று. பேச்சை மட்டும் எத்துணை முறை கேட்பினும் பேசுவோன் நெஞ்சு புலப்படுவதில்லை.

இனி, எம்மைப் பெரிதும் தடுமாறச் செய்த பகுதிக்கு வருகின்றோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில அகராதி தந்த ஜான்ஸனை அவர் நண்பர் பாஸ்வெல், நியாயவாதத் தொழில் மனிதனுடைய நேர்மையைக் கெடுக்காதோ என்று கேட்டார். கெடுக்காது என்பது ஜான்ஸன் கருத்து. கூலி பெற்றுக் கைகளால் நடந்து வித்தை காட்டும் கழைக்கூத்தன், கூத்து முடிந்தபின்னும் தெருவிற் கைகளால் நடக்கின்றானா என்பது போன்றதோர் உவமையால் அவர் அதனை விளக்கினார். இதனைப் படித்தபொழுது எமக்குப் பெரிய ஆறுதல் உண்டாயிற்று. சொற்போர் முடிந்தது, நெற்கதிரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, யாமும் காலால் நடக்கின்றோம் என்று எண்ணினோம்.

அவ்வாறுதல் நெடுநாள் நிற்கவில்லை. 1954-இல் ஜானிஸ், கிங் என்னும் உளநூலார் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். கல்லூரி மாணவரை மூவர் மூவராக அமர்த்தி, மூன்று பொருள்களை எடுத்து, ஒவ்வொருவரும் ஒன்றன்மேற் பேசவும் ஏனைய இரண்டனைக் கேட்கவும் செய்தனர். எப்பக்கம் பேசுவது என்பதை வகுத்தவர் சோதனையாளரே. பின்னர் ஒவ்வொருவர் கருத்தையும் அளந்து பார்க்க, மூன்று பொருள்களுள் இரண்டில், கேட்டிருந்தோரினும் பேசினோரே அப்பக்கம் மிகுதியாகச் சாய்ந்திருக்கக் கண்டனர். 1956-இல் அவர்களே மீண்டும் ஆராய்ந்து, எழுதிக் கொடுத்ததை வாய்விட்டுப் படித்தவரைக் காட்டிலும், குறிப்பை விட்டுத் தாமே சொற்புனைந்து பேசியவர் மிகுதியாக மாறுகின்றனர் என்று உரைத்தனர். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எழுதாக்கிளவியாய்ப் பொழியும் ஒருவர் நெஞ்சு இருபது ஆண்டில் என்னாகும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். முதலில் அவர் பேச்சைக் கேட்டு மனம் மாறும் நேயர் அவரேயாவர்.

1959-இல் பெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்போர் வெளியிட்ட சோதனை இன்னும் வியப்பானது. மாணவரை ஒரு மணி நேரம் மிகவும் சலிப்பூட்டும் வேலையில் அமர்த்தினர்: நூற்கண்டுக் கட்டைகளைத் தட்டில் அடுக்குவதும் எடுப்பதும், பலகையிற் பதித்த முளைகளைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் திருப்புவதுமே அவ்வேலை. பின்னர், வெளியே காத்திருக்கும் அடுத்தவரிடம் "இவ்வேலை மிகச் சுவையானது" என்று சொல்லுமாறு வேண்டினர். சிலர்க்கு அதற்கு ஒரு டாலர், சிலர்க்கு 20 டாலர். இறுதியில், வேலை உங்கட்கு உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டபொழுது, 20 டாலர் பெற்றவர் சலிப்பாகவே இருந்தது என்றனர். ஒரு டாலர் பெற்றவரோ இனிமையாகவே இருந்தது என்னும் பக்கம் சாய்ந்தனர். நிறையக் கூலி பெற்றவன், கூலிக்காகப் பொய் சொன்னேன் என்று தன்னுள் அமைதி கொள்கின்றான். சிறு கூலிக்குப் பொய் சொன்னவனுக்கு அவ்வமைதி கிடைப்பதில்லை. ஆகவே பொய்யையே மெய்யாக மாற்றிக்கொள்கின்றான்.

கூலி மிக வாங்குவோன்தான் பொய்யன், வாங்காதவன் மெய்யன் என்று உலகம் எண்ணுகிறது. இச்சோதனையோ அவ்வெண்ணத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறது. 40 கோடி டாலர் பெறும் பேச்சாளர்க்காவது தாம் செய்வது தொழில் என்னும் நினைவு இருத்தல் கூடும். ஒரு புத்தகப் பரிசுக்காகப் பேசிய எம்போல்வார் நிலைதான் ஐயத்திற்குரியது!

இனி, நம்பியே பேசுகின்றார் என்று தெரிந்துவிட்டால்தான் நமக்கு என்ன ஊதியம்? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து ஆங்கில மக்களை நோக்கி வானொலியிற் பேசிய வில்லியம் ஜாய்ஸ் கூலிக்காரர் மட்டுமல்லர். போருக்குப் பல ஆண்டு முன்பே இங்கிலாந்தில் பாசிஸ்டுக் கட்சியில் உழைத்தவர். தாம் சொன்ன யூதப் பகைமையை நெஞ்சார நம்பியவர். அந்நம்பிக்கை குன்றாமலே 1946 ஜனவரி 3-ஆம் நாள் தூக்குமேடை ஏறினார். அவருடைய நேர்மை அவர் சொல்லில் ஒன்றையேனும் மெய்யாக்கிற்றில்லை. எனவே, "இவர் நம்பித்தான் பேசுகிறார்" என்று ஒருவரைப் புகழ்வாரைக் காணும்பொழுது எமக்கு அச்சமே உண்டாகிறது.

தமிழர்க்கு இவ்வழக்கு முற்றும் புதிதன்று. புகார் நகரத்து விழாவில் வாதஞ் செய்வோரைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைத்த செய்தியை மணிமேகலை கூறுகின்றது. அக்காப்பியத்திலேயே, வஞ்சி நகரத்தில் மணிமேகலை அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பல சமயத்தாரையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாற் கேட்கின்றாள். சைவவாதியைச் சீட்டெடுத்துப் பூதவாதம் பேசுமாறு எவரும் பணித்திலர். தன் சமயத்தையே ஒவ்வொருவனும் பேசினான். சீட்டுக்குப் பேசும் முறை பிற்காலத்தது. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகத்தின் மேடைகளில் கும்பகருணன் செய்கை சிறந்ததா, வீடணன் செய்கை சிறந்ததா என்பன போன்ற வழக்குகள் சுவைமிக எழுந்தன. இந்நாளில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த சாலமன் பாப்பையா நடுவராக வீற்றிருக்க, ராஜா ஒரு பக்கமும் பாரதி பாஸ்கர் எதிர்ப்பக்கமும் நின்று பண்டிகை நாட்களில் தொலைக்காட்சியில் வழக்காடுவதைக் காணாத தமிழ் இல்லம் இல்லையெனலாம். எங்கள் நகரியத்தில் யாண்டுதோறும் நிகழும் புத்தகக் கண்காட்சியின் மாலைகளிலும் பட்டிமன்றம் என்றாற் கூட்டம் தனிதான்.

இங்கே எவரும் ஏமாறுவதில்லை. அடுத்த பண்டிகையில் அவர்கள் வேறொரு வழக்குக்கு வேறொரு பக்கம் நிற்பர் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். நடுவர் உண்டு, எதிர்ப்பக்கம் உண்டு, மணி அடித்தால் நிறுத்துதல் உண்டு. வானொலிப் பேச்சாளர் முன்னிலையிலோ நடுவரில்லை, எதிர்ப்பேச்சு இல்லை, இது வேடம் என்னும் அறிவிப்பும் இல்லை. ஜோன்ஸின் நியாயவாதி நீதிமன்றத்திற் சொன்னதை அவர் நாள்தோறும் நிகழ்ச்சித் தொடக்கத்திற் சொல்லியிருப்பாராயின் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

வானொலியிற் கதவடைத்த அரசியற் பேச்சு தமிழ்நாட்டில் தொலைக்காட்சி விவாதமாக வந்து அமர்ந்துள்ளது. 2023 ஜூலையில், பரவனாற்றுக் கால்வாயைத் திருப்பும் பணிக்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வெட்டும் பொறிகளை ஓட்டியபொழுது, அவ்விவாதங்களைக் கண்டோம். நிலம் பல ஆண்டுகட்கு முன்னரே எடுக்கப்பட்டது, பயிரிட வேண்டாமென அறிவித்திருந்தோம் என்பது நிறுவனத்தின் கட்சி; கதிர் முற்றும்வரை பொறுத்திருக்கலாகாதா என்பது உழவர் கட்சி. விவாதத்திற் கட்சிப் பேச்சாளர் வந்தபொழுது எமக்கு ஐயமில்லை. அவர் சீட்டு அவர் தோள்துண்டிலேயே தெரிந்தது. "அரசியல் நோக்கர்" என்னும் பெயரோடு அமர்ந்தவரிடத்தும், வினா எழுப்பும்பொழுதே விடையை முகத்திற் காட்டிய நெறியாளரிடத்துமே ஐயம் எழுந்தது. அவர்கள் சீட்டை நமக்குக் காட்டினவர் எவருமிலர்.

விடுமுறையில் ஊர் சென்றபொழுது, திண்ணையில் அமர்ந்து எம் பேச்சு முழுவதையும் தந்தையார்க்குச் சொல்லிக் காட்டினோம். அவர் இடையே ஒன்றும் பேசவில்லை. முடிந்தபின், "நெல்லைப் பற்றி நீ சொன்னது மெய்தான், தம்பி. மின்சாரத்தைப் பற்றி நீ சொல்லாமல் விட்டதும் மெய்தான்," என்றார். 1962-இல் முதன்முதல் மின்சாரம் தந்து 2020-இல் ஓய்ந்த பழைய அனல் நிலையத்தைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். யாம் இடைமறித்து மறுத்தோம். மறுக்கும்பொழுதே ஒன்றை உணர்ந்தோம்: எம் வாயில் வந்தவை மேடையிற் பேசிய சொற்களே, குரலும் மேடைக் குரலே. அன்று திண்ணையில் சீட்டெடுத்துக் கொடுத்தவர் எவருமில்லை. யாம் அதனை நம்பத் தொடங்கிவிட்டோமா? நம்பினோமாயின், அது வளையமாதேவிச் செய்திகளை ஆராய்ந்து தெளிந்த நம்பிக்கையா, ஒரு டாலர் பெற்ற மாணவனுடைய நம்பிக்கையா? இதற்கு எம்மால் இன்னும் விடை கூற இயலவில்லை.

விடுதி திரும்பியவுடன் நண்பரைத் தேடிச் சென்று, எம் தந்தையார் சொன்னதையும், யாம் மறுத்ததையும், மறுக்கையில் எமக்குத் தோன்றியதையும் ஒன்று விடாது கூறினோம். அவர் நெடுநேரம் கேட்டிருந்து, "அன்றைக்கே இவ்வளவையும் சொல்லியிருக்கலாமே," என்றார். இவ்வாண்டுச் சொற்போருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சீட்டெடுக்கின்றனர். பொருளும் அதே பொருள்தான் என்று கேள்வி. முன்வரிசையில் வந்து அமர்வதாக நண்பர் சொல்லியிருக்கின்றார்.